எழுபத்தியோராவது வளைவு

“ஊசி போடறதுக்குத்தான கண்ணு படிச்சே? ஊசி வளைவுல உருண்டவனை அள்ளறதுக்குமா படிச்சிருக்கே?”

எங்கள் மலைக்கு வந்துபோகும் பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது இது. பஸ் அப்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்கம்பியில் ஒரு கையும் டிக்கெட் மிஷினில் ஒரு கையுமாக அவர் நின்றிருந்தார். வண்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சமவெளியிலிருந்து வரும் கீழ்நாட்டுக்காரர்கள். வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் அவர்கள் சிரிக்கவில்லை.

“ரெண்டுக்கும் சேர்த்துத்தாங்ணா சர்டிபிகேட் குடுத்திருக்காங்க,” என்றேன்.

நர்சிங் முடித்து, ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலைக்குத் தேர்வாகி, அதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். எந்த வண்டியில் வேலை என்ற உத்தரவு மட்டும் வரவேண்டியிருந்தது. தேவனூர் நாட்டில் எங்கள் வீடு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அப்பா பஸ்ஸை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். அம்மா தன் மாத்திரைகளை “வெள்ளை, ரோசு, பாதி உடைச்சது” என்று பெயர் சொல்லிச் சாப்பிடுவார். நான் படித்தேன். முதல் வகுப்பில் தேறினேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை குனிவதில்லை. நன்றாகவே நிமிர்கிறது.

ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு அந்தக் கேள்வி என் தலையணைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. அடிவாரத்தில் ஒன்று, மேலே சோளக்காடு என்ற ஊரை நெருங்கும்போது எழுபது. எங்களுக்கு அவை ஊர்ப்பெயர்கள் மாதிரி. “முப்பதுல மரம் சாஞ்சிருக்குது”, “அறுபதுல கொரங்கு பையைப் புடுங்கிருச்சு” என்றுதான் பேசிக்கொள்வோம். என் கனவில் பஸ் கவிழ்ந்து கிடந்த இடம் எழுபத்தியோராவது வளைவு. அங்கே பலகைகூட நட்டிருந்தார்கள்.

சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அடிபட்டவர்கள் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் தலையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். “நமக்கொண்ணும் அவசரமில்லீங்க, மொதல்ல அவங்களைப் பாருங்க,” என்று அந்தத் தலை பெருந்தன்மையாகச் சொன்னது. நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பஞ்சு இல்லை, துணி இல்லை. பலாச்சுளைகள் அடுக்கியிருந்தன. ஒரு சுளையை எடுத்துக் காயத்தில் ஒட்டப் பார்த்தேன். “கொட்டையை எடுத்துட்டு ஒட்டணும்,” என்று என் பயிற்சி ஆசிரியை பின்னாலிருந்து அதட்டினார். அதற்குள் வரிசையில் முதலாவதாக இருந்த என் மாமா, அதாவது என் அத்தையின் வீட்டுக்காரர், எழுந்து நின்று, “அப்ப நான் வாரேன் சாமி,” என்று கும்பிட்டுவிட்டுச் செத்துப்போனார். அடுத்தவரும் எழுந்தார், கும்பிட்டார், செத்தார்.

நான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஓடிப் போய் நின்ற இடம் சோளக்காட்டுச் சந்தை. அங்கே ஒரு அன்னாசிப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் பதற்றமில்லை. பழத்தின் அடியை முகர்ந்து பார்த்து, “இன்னும் பழுக்கோணுமாட்ட இருக்குதே,” என்றுகூடச் சொன்னேன்.

விழித்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. மடியில் இருந்த தலைக்காக அல்ல. அன்னாசிப்பழத்துக்காக.

அத்தை எங்கள் பக்கத்து வீடு. அப்பாவுக்கு அக்கா. கனவுக்குப் பலன் சொல்வதில் அவருக்கு நிகராக எங்கள் பக்கம் யாரும் கிடையாது என்பது அவருடைய கருத்து. காலையில் சாணி வழித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். கெட்ட செய்தியை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “அத்தை, மாமா கனாவுல வந்தாரு,” என்றேன்.

“வந்து?”

“செத்துட்டாரு.”

அத்தை சாணிக் கூடையைக் கீழே வைத்தார். “எந்நேரத்துக்குக் கண்டே?”

“விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி.”

“நெசமாலுமே செத்தாரா, இல்லை இழுத்துக்கிட்டுக் கெடந்தாரா?”

“செத்துட்டாருங்கத்தை. கும்பிட்டுட்டுச் செத்தாரு.”

அத்தை வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏனுங்க, கேட்டீங்களா? நீங்க செத்துட்டீங்களாம்.”

மாமா உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு எட்டிப் பார்த்தார். “யாரு சொன்னா?”

“கண்ணுதான் கனாக் கண்டிருக்கறா. விடியக்காலத்துல.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கணக்கு அப்படி. கனவில் ஒருவர் செத்தால் அவருக்கு ஆயுசு கெட்டி. கனவில் கல்யாணம் நடந்தால்தான் பயப்பட வேண்டும். அன்று சாயங்காலம் அத்தை வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பினார். மாமாவைக் கொன்றதற்காக நான் அதைச் சாப்பிட்டேன்.

கனவு அதோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப எழுபத்தியோராவது வளைவு. ஒருமுறை பெட்டியில் கருங்குரங்குக் குட்டி ஒன்று ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருமுறை அடிபட்டவரின் நாடியைப் பிடித்தபோது அது பஸ் ஹாரன் மாதிரி அடித்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர்க்காரர் யாராவது மரியாதையாகச் செத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஓடினேன். ஒவ்வொரு முறையும் அன்னாசிப்பழம்.

அத்தையின் வாயிலிருந்து விஷயம் ஊருக்குப் போனது. நான் குழாயடிக்குப் போனால் குடங்கள் நின்றுவிடும். “நேத்து யாரு?” என்று கேட்பார்கள். பெயர் சொன்னால் அந்த வீட்டுக்கு ஆள் ஓடும். மிளகு காயவைக்கும் களத்தில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ற ஊட்டுக்காரருக்கு நெஞ்சு படபடங்குது சாமி. உனக்குத் தோதுப்படற அன்னைக்கு அவரை ஒருவாட்டி பார்த்துரு.” மேல்காட்டுக்காரர் தன் மாட்டைப் பற்றிச் சொன்னார். செனை மாடு, நோஞ்சான், கனவில் மாடு செத்தாலும் பலிக்குமா என்று அத்தையைக் கேட்டிருக்கிறார். பலிக்கும், ஆனால் இந்தக் கண்ணு மனுசாளைத்தான் காண்கிறாள் என்று அத்தை சொல்லிவிட்டாராம். ஒரு புது மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்க் காதோடு காதாகக் கேட்டாள். “அக்கா, ஒரே ஒரு ஒதவி. எங்க மாமியாளை மட்டும் கனாக் கண்டுராதீங்க.”

எல்லோரும் கேட்டது செத்தது யார் என்பதைத்தான். நான் என்ன செய்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அம்மாவிடம் நானே சொன்னேன். அவர் மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரையும் உட்டுட்டு நான் ஓடிர்றேன்மா.”

“ஓடாம? கவுந்த வண்டிக்குக் கீழ போயி நிப்பியா?”

“அதுதாம்மா என்ற வேலை.”

அம்மா அடுத்த கிழங்கை எடுத்தார். “ஓடிப் போயி?”

“அன்னாசிப்பழம் வெலை பேசறேன்.”

“குடுத்தானா?”

என் கவலையை யாரிடமும் விளக்க முடியவில்லை. பயிற்சியில் நான்தான் முதல். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்துவதில், கழுத்து அசையாமல் பலகையில் கிடத்துவதில், ரத்தம் நிற்கக் கட்டுப்போடுவதில் என்னை முன்னால் நிறுத்தித்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஆனால் பொம்மை எழுந்து நின்று “அப்ப நான் வாரேன்” என்று சொன்னதில்லை. பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனவில் யாரும் மதிப்பெண் போடவில்லை. யாரும் பார்க்காதபோது ஒருத்தி என்ன செய்கிறாளோ அதுதானே அவள்? விழித்திருக்கும்போது சர்டிபிகேட்டைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறவள் வேஷம், உள்ளே இருப்பவள் அன்னாசிப்பழக்காரி என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நிஜமாகவே ஒரு நாள் ஒருவர் என் முன்னால் கிடப்பார். அவர் கும்பிட மாட்டார், கத்துவார். அப்போது எனக்குள்ளிருந்து எழுந்து வருவது யார்?

சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தேன். கோழிக்கடைக்குப் போய் அறுப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். எனக்கு மயக்கம் வரவில்லை. கடைக்காரருக்குத்தான் கை தடுமாறியது. “ஏனுங்க, எடையில ஏதாச்சும் சந்தேகமா? அந்தாண்ட போயி நில்லுங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்குது,” என்றார்.

பிறகு அப்பாவை உட்காரவைத்துத் தலையில் கட்டுப்போட்டுப் பழகினேன். நல்ல கட்டு. காதை மூடி, தாடையைச் சுற்றி, உச்சியில் முடிந்து, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தது. அவிழ்க்கப் போனபோது அப்பா தடுத்தார். “இருக்கட்டும் கண்ணு. காதுக்கு அடக்கமா இருக்குது. காட்டுல பனியடிக்குது.” அப்படியே மிளகுக் கொடி பார்க்கப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் எடப்புளி நாட்டிலிருந்து என் சித்தி குடும்பம் ரொட்டியும் ஆரஞ்சுப்பழமுமாக ஜீப் பிடித்து வந்து இறங்கியது. சித்தி வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா காட்டிலிருந்து வந்து, வந்தவர்களை ஏமாற்றுவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டோடு கட்டிலில் படுத்துக்கொண்டு ஆரஞ்சு சாப்பிட்டார். “எப்படிங்ணா அடிபட்டுது?” என்று சித்தப்பா கேட்டதற்கு, “அடியெல்லாம் படல, புள்ளை படிச்சிருக்கறா,” என்றார். சித்தப்பா புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

இதற்கிடையில் கண்டக்டர் அண்ணனுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நேத்து வந்தனா?”

“இல்லீங்ணா.”

“டிரைவர் வந்தாராமா?”

“அவரு போன வாரமே செத்துட்டாருங்.”

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. “அதெப்படி கண்ணு? அது நம்ம வண்டிதான? டிரைவர் செத்திருக்காரு, ஏறுனவங்க எறங்குனவங்க எல்லாம் செத்திருக்காங்க, நான் எங்க போயிட்டேன்?”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். “கனாவுல வர்ற பஸ்ஸுல கண்டக்டரே இல்லீங்ணா.”

“பார்த்தியா,” என்று வண்டி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். “கண்டக்டர் இல்லாம வண்டியை எடுத்தது தப்பு. அதுதான் கவுந்திருக்குது.”

அதன் பிறகு அவருக்கு அது ஒரு குறையாகவே ஆகிவிட்டது. என்னிடம் டிக்கெட்டை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் இறங்கும்போது படியில் நின்று மெதுவாகக் கேட்டார், கிண்டல் இல்லாமல். “எனக்கு ரெண்டும் பொட்டைப் புள்ளைங்க கண்ணு. நெதமும் இந்தப் படியில தொங்கிக்கிட்டுத்தான் வாரேன். ஒருவாட்டி என்னையும் பார்த்துர்றதுக்கு என்ன?”

கனவை நான் ஓட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

கூடப் படித்தவள் ஒருத்தி மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை இருப்பதாகச் சொன்னாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பெயர் கேட்டு எண் கொடுக்க வேண்டும். யாருக்காவது மூச்சுத் திணறினால் மணியை அடித்தால் போதும், உள்ளிருந்து வேறு யாராவது வருவார்கள். நேரில் வந்து சொல்லிவிட்டால் வேலை உனக்குத்தான் என்றாள். நான் ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன். வீட்டில் “வேலை விஷயமா” என்று மட்டும் சொன்னேன். ஓடுவதென்று ஆகிவிட்டால் உத்தரவு வருவதற்கு முன்னால் ஓடிவிடுவது நல்லது, யாரையும் ரோட்டில் போட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் சரியாகத்தான் இருந்தது. நடக்கும்போது மட்டும் தலை நிமிரவில்லை.

சோளக்காட்டில் பஸ்ஸுக்காக நின்றேன். கீழிருந்து ஏறி வருகிற நம் பஸ்தான் திரும்பி இறங்கும். கிளினிக்காரர்களைப் பார்க்க வெறுங்கையோடு போக வேண்டாமென்று பழக்கடையில் ஒரு அன்னாசிப்பழம் எடுத்தேன். அடியை முகர்ந்து பார்த்தேன். “இன்னும் பழுக்கோணுமாட்ட இருக்குதே,” என்று சொல்லிவிட்டுத்தான் கையிலிருப்பது என்ன என்று கவனித்தேன்.

அந்த நேரத்தில் ஒருவர் பைக்கில் வந்து நிறுத்தினார். “பஸ்ஸும் பலாப்பழ வண்டியும் முட்டிக்கிச்சு. பழ வண்டி கவுந்து கெடக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சு.”

“எத்தனாவது வளைவுல?” என்று யாரோ கேட்டார்கள்.

“அதுக்கு நம்பர் இல்லீங்க. எழுபதைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு திருப்பம் வருதில்ல, அது.”

எழுபதுக்கு அடுத்தது. சாதாரணத் திருப்பம் என்று அதற்கு யாரும் பலகை வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன், எண்ணியதில்லை.

என் கால்கள் ஓட ஆரம்பித்தன. இதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பழக்கப்பட்டது ஓடுவதுதான். ஆனால் கனவில் ஓடிவந்து சேர்கிற இடம் சோளக்காடு. இப்போது நான் நின்றதே சோளக்காட்டில், கையில் அன்னாசிப்பழத்தோடு. இதற்கு மேல் ஓடுவதென்றால் அந்தப் பக்கம் மட்டும்தான் மிச்சமிருந்தது. பின்னாலிருந்து பழக்கடைக்காரர், “ஏனுங்க, பழம், பழம்,” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

திருப்பத்தில் ரோடு முழுக்கப் பலாப்பழங்கள். சில உடைந்து வாசனை மூக்கை அடைத்தது. பழ வண்டி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதை ஓட்டி வந்தவர் அடியேதும் படாமல், உருண்ட பழங்களை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். பஸ் மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்ந்து நின்றது. ஏறியவர்கள் இறங்கி ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தலையை மடியில் வைத்திருக்கவில்லை, முதலில் அதைத்தான் பார்த்தேன். சிராய்ப்பு, வீக்கம், அழுகை. ஓர் அம்மா இன்னும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

வரிசையின் கடைசியில் கண்டக்டர் அண்ணன். படியோரத்துக் கண்ணாடி உடைந்து முன்கையைக் கிழித்திருந்தது. ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டவில்லை, ஓடியது. அவர் டிக்கெட் மிஷினை மற்றக் கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார், ரத்தம் பட்டுவிடக் கூடாதென்று.

நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கழுத்தில் கிடந்த துண்டை உருவி, மடித்து, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். கையை உயர்த்தி வைக்க வேண்டும். தலையணை இல்லை, பலகை இல்லை. காலடியில் கிடந்த ஒரு பலாப்பழத்தை இழுத்து, அதன்மேல் என் கைப்பையைப் போட்டு, அதில் அவர் கையைத் தூக்கி வைத்தேன். அவர் நிற்காமல் நெளிந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“அசையாதீங்ணா.”

“கண்ணு, நேத்தாச்சும் வந்தனா?”

அவர் வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பயம் என்றால் என்ன என்று எந்தக் கனவிலும் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை, அங்கே எல்லோரும் கும்பிட்டுத்தான் போனார்கள்.

“வந்தீங்ணா,” என்றேன்.

“செத்தனா?”

“செத்தீங்ணா.”

“நெசமா?”

“சுத்தமாச் செத்துட்டீங்ணா.”

அவர் மிஷினை மெதுவாக இறக்கிப் பக்கத்தில் வைத்தார். உடம்பு தளர்ந்து மண்மேட்டில் சாய்ந்தது. நெளிவது நின்றது. “எப்படிச் செத்தேன்?” என்று கேட்டார், ஊரிலிருந்து வந்தவரிடம் விசேஷம் விசாரிப்பதுபோல.

நான் அழுத்தத்தை விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். வண்டி கவிழ்ந்தது. நீங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டீர்கள். டிக்கெட் எடுக்காத ஒருவரைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டீர்கள். அவருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு, விசில் ஊதிவிட்டு, கடைசியாகச் செத்தீர்கள். “நான் அப்படித்தான்,” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. “கண்ணை மூடாதீங்ணா. டிக்கெட் எடுக்காதது யாருன்னு கேளுங்க,” என்றேன். கண்ணைத் திறந்தார். “யாரு?” “எங்க மாமா.” “தெரியும், அந்த ஆளு அப்படித்தான்.”

“கை ஆடுதே உனக்கு,” என்றார் சற்று நேரம் கழித்து.

ஆடியது. “ஆடட்டும்ங்ணா. பஸ்ஸு ஆடாமயா மலையேறுது?” என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது ரத்தம் கசிவாகக் குறைந்திருந்தது. அதிலிருந்து இறங்கிய உதவியாளர் கட்டுப்போட்டுவிட்டு, “நீங்க நர்ஸா? பிடிச்ச பிடியை விடாம அப்படியே ஏறுங்க,” என்றார். ஏறினேன். எழுபது வளைவுகளையும் பின்பக்கமாக உட்கார்ந்தபடி இறங்கினேன். சேந்தமங்கலம் ஜன்னல் வழியாகக் கடந்து போனது. கிளினிக் இருந்த தெரு எது என்று பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு கனவு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்த வாரமே திரும்ப எழுபத்தியோராவது வளைவு. இந்தமுறை கண்டக்டர் அண்ணன் நிஜமாகவே வந்திருந்தார். கட்டுப்போட்ட கையோடு, செத்தவர்களுக்கு வரிசையாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். “எங்க ஓடறே, டிக்கெட் எடுத்தியா?” என்று பின்னாலிருந்து கத்திவிட்டு அவரும் செத்துப்போனார். நான் அன்னாசிப்பழக்கடையில் நின்றேன்.

காலையில் வெகுநேரம் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். நிஜத்தில் ஒருமுறை நின்றாயிற்று, பிறகும் கனவில் வருகிறவள் ஏன் ஓடுகிறாள்? யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெளிவானது. பயிற்சி எனக்குத்தான் கொடுத்தார்கள், தூங்குகிறவளுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கட்டுப்போடத் தெரியாது. அவள் பயப்படுகிறாள், ஓடுகிறாள், பழம் வாங்குகிறாள். நான் பயப்படுகிறேன், வாந்தியெடுக்கிறேன், திரும்பி வருகிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கப் போகிறோம். அவள் ஓடுவதை நிறுத்தினால்தான் நான் வேலைக்குப் போக முடியும் என்றால் நான் எந்தக் காலத்திலும் போக முடியாது. எந்த நாள் யார் முந்திக்கொள்வோம் என்று எனக்கு இன்னும் உத்தரவாதமாகத் தெரியாது. ஆனால் உத்தரவு வந்தது என் பெயருக்கு. அவள் பெயருக்கு அல்ல.

ஆமாம், வந்துவிட்டது. எங்கள் மலையின் ஆம்புலன்ஸ் வண்டியே.

கண்டக்டர் அண்ணன் தையல் பிரித்து வேலைக்கு வந்த அன்று பஸ்ஸில் பார்த்தேன். கனவைச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அப்ப அன்னைக்குச் சொன்னே?”

“இது ரெண்டாவதுங்ணா.”

“ரெண்டு தடவையா?” டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு ஆயுசை எப்படிச் செலவழிப்பது என்று யோசிப்பவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு திரும்பி, “கட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. அந்தப் பலாப்பழ முள்ளு குத்துனதுதான் இன்னும் வலிக்குது. பைக்குள்ள ஒண்ணுமே இல்லையா உனக்கு? அதுக்குமா படிக்கலை?” என்றார். பாதி வண்டி சிரித்தது. மீதி எலுமிச்சம்பழம்.

அன்று கீழே ஒரு நோயாளியை விட்டுவிட்டு மலையேறிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் சற்றுத் தாமதமாக வந்ததற்குக் காரணம், போன் செய்தவருக்கு இடம் சொல்லத் தெரியாததுதான். எழுபது என்று சொல்லி, எழுபதில் ஒன்றும் இல்லாமல், திரும்பக் கீழே இறங்கித் தேடியிருக்கிறார்கள். அந்தத் திருப்பத்துக்கும் ஒரு எண் பலகை வைக்க வேண்டுமென்று ரோடு ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். “அது கொண்டை ஊசி இல்லம்மா. வெறும் வளைவு. கொண்டை ஊசிக்குத்தான் நம்பர்.”

“அடிபட்டா ரெண்டுலயும் ஒரே மாதிரிதாங்க ரத்தம் வருது,” என்றேன்.

“எழுபதுன்னு எல்லா எடத்துலயும் போட்டாச்சும்மா. ஒண்ணைக் கூட்டினா எல்லாப் பலகையையும் மாத்தணும்.”

முந்தாநாள் கிளினிக் தோழிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நேற்றுக் காலையில் வீடு வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பை ஒரு டப்பாவில் கரைத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தத் திருப்பத்துக்குப் போனேன். அப்பா டப்பாவைப் பிடித்துக்கொண்டார். தடுப்புக் கல்லில், ஏறி வருகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் தெரியும்படி இரண்டு பக்கமும் பெரிதாக 71 என்று எழுதினேன். அப்பா தள்ளி நின்று பார்த்தார். “நல்லா நேரா இருக்குது,” என்றார். அவருக்கு எண்கள் தெரியாது, நேராக இருப்பது தெரியும்.

அதன் பிறகு கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சோளக்காட்டுக்குப் போய் வேலையில் சேர்ந்தேன். ஆம்புலன்ஸின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு இருந்தது. துணி இருந்தது. இரண்டையும் வெளியே எடுத்து, கைக்கு முதலில் எட்டுகிற இடத்துக்கு மாற்றி அடுக்கி வைத்திருக்கிறேன்.